இர்ஃபானாவின் மலை அணிலும் நாஜியாவின் கத்தரிக்கோலும்

ராஜபாளையம் பஞ்சு மார்க்கெட் பக்கம் ஒரு மாடி வீட்டில் குடியிருக்கும் நாஜியாவிடம் "உங்க புள்ளைக எந்த ஸ்கூல்?" என்று யாராவது கேட்டால், பதிலுக்கு முன்னால் ஒரு பெருமூச்சு வரும். பால்காரர் கேட்பார். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரி கேட்பாள். கல்யாண வீட்டில் எதிரே உட்கார்ந்தவர் பிரியாணியைப் பாதியில் நிறுத்திவிட்டுக் கேட்பார். "ஸ்கூலுக்குப் போகல, வீட்டுலதான் படிக்காக" என்றதும் கேட்டவர் முகம் வாடிவிடும். பிள்ளைகளுக்கு ஏதோ சொல்ல முடியாத சீக்கு போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, மேற்கொண்டு கிளறாமல் விட்டுவிடும் நல்ல மனசுக்காரர்களும் உண்டு.

இத்தனைக்கும் நாஜியாவே டீச்சர்தான். ஸ்ரீவில்லிபுத்தூரில் பிறந்து, கணக்கில் பட்டம் வாங்கி, பி.எட். முடித்து, கல்யாணமாகி ராஜபாளையம் வந்தபின் எட்டு வருஷம் ஒரு தனியார் பள்ளியில் வேலை பார்த்தாள். கணக்கில் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. அவள் பாடு பெரும்பாடாக இருந்தது புராஜெக்ட் என்ற ஒன்றில்தான். நீர்ச்சுழற்சி, எரிமலை, காற்றாலை என்று மாசம் ஒன்று. பிள்ளைகள் செய்ய வேண்டியதைப் பெற்றவர்கள் செய்தார்கள். பெற்றவர்களுக்கும் நேரமில்லாதபோது பள்ளிக்கு எதிரே இருந்த ஜெராக்ஸ் கடையில் தெர்மாகோலில் ரெடிமேடாகக் கிடைத்தது. ஒரே கடையின் ஒரே எரிமலை, முப்பது பிள்ளைகளின் பெயரில் முப்பது மேசைகளில் நிற்கும். "பார்வைக்கு அழகா இருக்கிறதுக்கு மார்க் போடுங்க மேடம்" என்பது மேலிடத்து உத்தரவு. நாஜியாவும் போட்டாள்.

அவள் மகள் இர்ஃபானா அதே பள்ளியில், அவள் வகுப்பிலேயே படித்தாள். மூன்றாம் வகுப்பில் அட்டையில் ஒரு நீர்ச்சுழற்சி செய்து வந்தாள். மேகம் கோணல், கடல் வழிந்து வயலுக்குள் புகுந்திருந்தது. வகுப்பு டீச்சரான நாஜியா, ஒரு கண்ணுக்கு வெண்ணெய், ஒரு கண்ணுக்குச் சுண்ணாம்பு என்ற பேச்சு வந்துவிடக் கூடாதே என்று, பத்துக்கு நாலு போட்டாள். அன்று வீட்டுக்கு வந்ததும் மகள் கேட்டாள்: "அம்மா, என்னுதுல எங்க தப்பு?" நாஜியா அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், அதில் தப்பே இல்லை. கடை எரிமலைக்குப் பத்து, சொந்தக் கடலுக்கு நாலு. அந்த வருஷக் கடைசியில் வேலையை விட்டாள், மகளையும், அப்போதுதான் யு.கே.ஜி. முடித்திருந்த மகன் இம்ரானையும் பள்ளியிலிருந்து நிறுத்தினாள்.

அவள் கணவன் முகமது ரியாஸ் சத்திரப்பட்டியில் மருத்துவத் துணி நெய்யும் ஒரு மில்லில் சூப்பர்வைசர். அதிர்ந்து பேசத் தெரியாத மனுஷன். மனைவியின் முடிவுக்கு அவன் குறுக்கே நிற்கவில்லை, ஆனால் முழு மனசாகத் தலையாட்டவும் இல்லை. சாயங்காலம் வீட்டுக்கு வருவான். கூடத்தில் காயப்போட்ட மாங்கொட்டைகளுக்கு மீசையும் பொட்டும் வைத்து, பள்ளத்துக்காரர் மேட்டுக்காரர் என்று இரண்டு கட்சி பிரித்து பிள்ளைகள் வரிசையாக நிற்கவைத்திருப்பார்கள். இம்ரான் அட்டைப்பெட்டியில் பஸ் செய்து, நெற்றியில் கிருஷ்ணன்கோவில் என்று போர்டு மாட்டி, அதற்குள் உட்கார்ந்துகொண்டு சாப்பிட வர மாட்டேன் என்பான், காரணம் கேட்டால் டிரைவர் டூட்டியில் இருக்கிறாராம். ரியாஸ் சிரிப்பான். சிரித்து முடித்த பொறவு, "இதெல்லாம் சரி நாஜியா, நாளைக்கு இதை வச்சு என்ன செய்வாக?" என்று கேட்பான். அந்தக் கேள்வி அவளுக்குள்ளும் இருந்தது. அதனால்தான் அவளுக்குக் கோபம் வரும்.

ஒன்றரை வருஷம் இப்படி ஓடியது. இந்த வருஷம் காலாண்டு லீவு நெருங்கும்போது ரியாஸ் ஒரு நாள், பிள்ளைகள் கூடத்தில் இருக்கும்போதே பேச்சை எடுத்தான்.

"ஒரு ஸ்கூல்ல பேசிட்டேன். ரெண்டு சீட்டு வச்சிருக்காக. லீவு முடிஞ்சு திங்கக்கிழமை தொறக்குது."

"என்னைக் கேக்காமலா மச்சான்?"

"கேட்டா நீ பேசியே ஜெயிச்சிருவ. கோவப்படாத. ஸ்ரீவில்லிபுத்தூர்ல வன உயிரின வாரத்துக்குக் கண்காட்சி இருக்குன்னு சொன்னேல்ல, ஞாயித்துக்கிழமை? நானும் வாரேன். நாலு ஸ்கூல் புள்ளைக செஞ்சதோட நம்ம புள்ள செஞ்சதையும் என் கண்ணால பாக்கேன். மனசுக்குச் சரின்னு பட்டுச்சுன்னா இந்தப் பேச்சை விட்டுருதேன். படலன்னா திங்கக்கிழமை யூனிபாரம்."

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. நியாயம் இல்லாமல் இருந்திருந்தால் நாஜியா அன்று ராத்திரி நன்றாகத் தூங்கியிருப்பாள்.

பத்து வயது இர்ஃபானா அந்தக் கண்காட்சிக்கு மலை அணில் செய்துகொண்டிருந்தாள். செண்பகத்தோப்பு மரங்களில் தாவித் திரிகிற சாம்பல் நிற அணில், வீட்டுக் கூரையில் ஓடும் அணிலைப் போல நாலைந்து மடங்கு பெரிசு. அதைப் பார்க்க அம்மாவும் பிள்ளைகளும் மூன்று முறை போய் வந்தார்கள். இம்ரான் தன் தண்ணீர் பாட்டிலைக் குரங்குக்குப் பறிகொடுத்து அழுததால், அவனைச் சமாதானப்படுத்துவதே நாஜியாவுக்கு வேலையாகப் போனது. இர்ஃபானா மட்டும் ஒரு பாறையில் உட்கார்ந்து நோட்டில் எழுதினாள், வரைந்தாள். அந்த நோட்டை யாருக்கும் காட்ட மாட்டாள். நாஜியாவும் கேட்டுப் பார்க்கவில்லை.

மில்லில் கழிவாக ஒதுக்கிய வெள்ளைத் துணியை ரியாஸ் கொண்டுவந்து கொடுத்தான். கட்டுக்கம்பியை வளைத்து எலும்பு, பழைய பேப்பரைச் சுருட்டி சதை, அதற்குமேல் துணியை நாடா நாடாவாகக் கிழித்து மைதாப் பசையில் நனைத்துச் சுற்றினால் தோல். மூன்று வாரம் பிடித்தது. கூடம் முழுக்கப் பசை வாடை. காதில் நிற்கும் மயிர்க்கொத்துக்குத் தேங்காய் நாரை ஒவ்வொன்றாகச் செருகினாள் பிள்ளை. வியாழக்கிழமை சாம்பல் வர்ணமும் அடித்து, ஜன்னல் திட்டில் காயவைத்தாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பிள்ளைகள் இரண்டும் குர்ஆன் ஓதப் போயிருந்த நேரம். நாஜியா ஜன்னலுக்கு முன்னால் நின்றாள். இத்தனை நாள் அம்மாவாகப் பார்த்த அணிலை, அன்று கண்காட்சிக்கு வருகிறவர்களின் கண்ணால் பார்த்தாள். முகம் நன்றாக இருந்தது. வால்தான் எம்புட்டு நீளம்! உடம்பைவிட வால் நீளமாக இருக்குமா எங்கேயாவது? பாரம் தாங்காமல் கொஞ்சம் தொங்கியும் கிடந்தது. வர்ணம் திட்டுத்திட்டாக இருந்தது. நாளை மறுநாள் ரியாஸ் இதைத் கடைத் தெர்மாகோல் புலிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பான். திங்கட்கிழமை யூனிபாரம்.

கொஞ்சம் நேராக்கலாம் என்றுதான் தொட்டாள். தையல் கத்தரிக்கோல் எடுத்தாள், கம்பிக்குக் குறடு எடுத்தாள், வாலில் ஒரு சாண் நறுக்கினாள். நுனியைப் புதுத் துணி சுற்றி மூடினாள். பிரஷ்ஷை நனைத்து வால் முழுக்கச் சீராக ஒரே மாதிரி கோடு இழுத்தாள். எட்டு வருஷம் மார்க் போட்ட கை, அழகாக இருந்தது வேலை. முடித்துக் கை கழுவும்போதுதான் தான் செய்தது என்ன என்று அவளுக்கு உறைத்தது. அதற்குள் படியில் பிள்ளைகளின் செருப்புச் சத்தம்.

இர்ஃபானா அணிலைப் பார்த்தாள். வாலைத் தொட்டுப் பார்த்தாள். அழுவாள், கத்துவாள் என்று நாஜியா காத்திருந்தாள்.

"தொங்குச்சுல்ல, அதான் செத்த சரி பண்ணுனேன்" என்றாள்.

"நல்லாத்தான் இருக்கும்மா" என்று சொல்லிவிட்டு, பிள்ளை முகம் கழுவப் போனாள். அதன் பிறகு சனிக்கிழமை முழுக்க அவள் பென்சிலைத் தொடவில்லை. இம்ரான் பஸ்ஸுக்கு ஜன்னல் வரையக் கூப்பிட்டதற்கும் போகவில்லை. மன்னிப்புக் கேட்கலாம் என்று இரண்டு தரம் பக்கத்தில் போனாள், இரண்டு தரமும் "சாப்பிடுதியா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நாலு பேரும் பஸ் ஏறினார்கள். அணில் இர்ஃபானாவின் மடியில். "இது எந்த ஸ்கூல் அணில் பாப்பா?" என்று கண்டக்டர் கேட்டார். பிள்ளை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் கண்காட்சி. மணமேடையில் யானை, புலி, இன்னொரு புலி, அதே கடைப் புலி. ஓரத்தில் ஒரு மேசையில் இர்ஃபானாவின் அணிலை வைத்தார்கள். முன்னால் ஒரு அட்டை: 'சாம்பல் நிற அணில். செய்தவர்: இர்ஃபானா. பள்ளி:' அதற்குப் பிறகு எழுத ஒன்றும் இல்லாததால் கோடு மட்டும். ரியாஸ் எல்லா மேசைகளையும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து நின்றான். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

அந்த நேரம் பார்த்து காக்கிச் சட்டையில் ஒருவர் வந்தார். சின்னக்கருப்பன் என்று பேர், வனத்துறையில் காவலர், இருபது வருஷமாகக் காட்டுக்குள் நடக்கிறவர். பிள்ளைகள் செய்ததைப் பார்த்துச் சொல்ல அவரையும் அழைத்திருந்தார்கள். அணிலின் முன்னால் குனிந்தவர் நிமிரவே இல்லை.

"மூஞ்சி அப்படியே இருக்கு. காதுல மயிரு நிக்கிதே, இதை எவனும் கவனிக்க மாட்டான். பாப்பா, நீ நேர்ல பாத்தியா?"

"மூணு தடவ பாத்தேன் மாமா."

"பொறவு வாலு ஏன் குட்டையாப் போச்சு? அது உடம்பவிட வாலு நீளமுல்லா. கிளை விட்டுக் கிளை தாவுறதே அதை வச்சுத்தான். இம்புட்டுத்தான் வாலுன்னா கீழ விழுந்து செத்துப் போயிருமே."

இர்ஃபானா அம்மாவைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"நாந்தான் தப்பா வச்சிட்டேன்."

ரியாஸ் மெதுவாகத் தலையை ஆட்டினான், தனக்குள் ஒரு கணக்கு முடிந்துவிட்டதுபோல. மூன்று வாரம் வேலை, மூன்று முறை பயணம், கடைசியில் வால் தப்பு. அவன் மனசில் ஓடியது நாஜியாவுக்குத் தெரிந்தது. அவள் வாயைத் திறக்காமல் நின்றால் பிள்ளைகளுக்கு நாளைக்கு யூனிபாரம். வாயைத் திறந்தாலும் யூனிபாரம்தான், கூடவே, பிள்ளைகள் வேலையை அம்மாவே செய்கிறாள் என்ற பட்டமும். வீட்டுப் படிப்பு எப்படியும் போகப்போகிறது, மகள் தலையில் மட்டும் இது விழ வேண்டாம் என்று பட்டது.

"அவ சரியாத்தான் வச்சிருந்தா சார். நாந்தான் ஒரு சாண் நறுக்கிட்டேன்" என்றாள். சத்தமாகவே வந்துவிட்டது. பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

ரியாஸ் அவளைப் பார்த்தான். "நீயா? ஏன்?"

"எனக்கு அசிங்கமாத் தெரிஞ்சுச்சு மச்சான். எனக்குத் தெரிஞ்ச அணிலு பக்கத்து வீட்டு ஓட்டுல ஓடுறது. அவளைக் கேக்காம நறுக்கிட்டேன். வாலைத் தவிர அம்புட்டும் அவ செஞ்சது."

சின்னக்கருப்பன் தர்மசங்கடத்தில் மீசையைத் தடவினார். இர்ஃபானா தோள் பையிலிருந்து நோட்டை எடுத்து, யாருக்கும் காட்டாத அந்த நோட்டை, அவர் கையில் கொடுத்தாள். கோடு கீறிய பென்சிலை நீட்டிப் பிடித்து, ஒற்றைக் கண்ணை மூடி, கிளையில் படுத்திருந்த அணிலை அவள் அளந்திருந்தாள். 'தலை முதல் இடுப்பு வரை பென்சிலில் ஏழு கோடு. வால் எட்டு கோடு. மூன்று நாளும் இதேதான்.' கீழே கூடு கட்டியிருந்த மரம், தின்ற காய், தாவிய தடவை, எல்லாம் தேதி போட்டு இருந்தது. அவர் படித்துவிட்டு நோட்டை ரியாஸிடம் நீட்டினார். ரியாஸ் ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினான். மில்லில் துணியில் இழை பார்க்கிற அதே நிதானம்.

"ஏன்மா தப்பை உன் மேல போட்டுக்கிட்ட?" என்று மகளிடம் கேட்டான்.

"அம்மா பயந்து போயிருந்தாங்க அத்தா" என்றாள் இர்ஃபானா. "திங்கக்கிழமைக்கு."

நாஜியா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். மண்டபம் என்றும் பார்க்கவில்லை, மற்றவர்கள் என்றும் பார்க்கவில்லை. "என்னை மன்னிச்சிரு தங்கம்" என்றாள். மகள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ரியாஸ் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனான். ஐந்து நிமிஷம் கழித்து வந்தான்.

"அந்த ரெண்டு சீட்டை வேற யாருக்காவது குடுக்கச் சொல்லிட்டேன்" என்றான். "புள்ளைக படிக்கிறதுல எனக்கு இனிமே சந்தேகம் இல்ல. டீச்சர் மேலதான் ஒரு கண்ணு வைக்கணும்."

நாஜியாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. இர்ஃபானா அதற்குள் பக்கத்து மேசையில் ஒரு ஸ்கெட்ச் பேனா கடன் வாங்கி, அணிலின் முன்னாலிருந்த அட்டையைக் கையில் எடுத்திருந்தாள். 'செய்தவர்: இர்ஃபானா' என்ற வரிக்குக் கீழே, குண்டு குண்டாக இன்னொரு வரி எழுதி, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி சாய்த்து வைத்தாள்.

'வால் மட்டும்: அம்மா.'

கண்காட்சி சாயங்காலம் ஐந்து மணி வரை. மேசையை விட்டு நகராமல் நின்றாள் நாஜியா. வந்தவர்களெல்லாம் அட்டையைப் படித்துவிட்டு, அணிலைப் பார்த்துவிட்டு, அவளைப் பார்த்தார்கள். எந்த ஸ்கூல் என்று அங்கே ஒருவர்கூடக் கேட்கவில்லை. வால் ஏன் இப்படி என்றுதான் கேட்டார்கள், கேட்ட ஒவ்வொருவருக்கும் அவள் முதலிலிருந்து சொன்னாள்.