தினப்படியில் வாங்கிய மோதிரம்

அந்தப் பணத்தை எடுக்க வங்கிக்குப் போகும் நாட்களில் என் மதினி தலைக்குக் குளித்து, பின்னல் போட்டு, ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக் கட்டும் நீலச் சேலையைக் கட்டிக்கொள்வார். தங்கச்சிமடத்தில் வேறு யாரும் அப்படி உடுத்திக்கொண்டு வங்கிக்குப் போய் நான் பார்த்ததில்லை. மற்றப் பெண்கள் மீன் கூடையை இறக்கி வைத்த கையோடு வந்து வரிசையில் நிற்பார்கள். "எதுக்கு மதினி இம்புட்டு அலங்காரம்?" என்று ஒருமுறை கேட்டேன். "ஒங்க அண்ணன் சம்பாத்தியம் தம்பி. அழுக்குச் சேலையோட போயி வாங்கக் கூடாது" என்றார். அண்ணன் அப்போது யாழ்ப்பாணச் சிறையில் இருந்தார்.

எங்கள் கரைக்கு இது புதிதில்லை. கச்சத்தீவுப் பக்கம் வலை விரிக்கும்போது எல்லை தாண்டினார்கள் என்று இலங்கை நேவிக்காரர்கள் படகோடு பிடித்துக்கொண்டு போவார்கள். பிடிபட்டவர் உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளுக்கும் நம் அரசாங்கம் வீட்டுக்கு ஒரு தொகை தரும். அதைத் தினப்படி என்போம். சில வாரங்களுக்கு உரியது மொத்தமாகச் சேர்ந்து மனைவியின் கணக்கில் விழும். அரிசிக்கும் பருப்பிற்கும் பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவிற்கும் என்று வருகிற பணம். அந்தப் பணத்தில்தான் என் நிச்சயதார்த்தத்துக்கு மோதிரம் வாங்கினோம்.

நான் கடலுக்குப் போனவன் அல்ல. அய்யாவும் அம்மாவும் போன பிறகு என்னை வளர்த்தது அண்ணனும் மதினியும்தான். "நீ ஒருத்தனாவது தரையில பொழைக்கணும்லே" என்று சொல்லிச் சொல்லியே அண்ணன் என்னை ராமநாதபுரத்தில் கல்லூரி வரை படிக்க வைத்தார். படித்துவிட்டு நான் சேர்ந்த வேலை, ராமேஸ்வரத்தில் ஒரு லாட்ஜில் வரவேற்பு மேசைக்குப் பின்னால் நிற்பது. சம்பளம் என் சட்டைக்கும் சென்ட்டுக்கும் பஸ்ஸுக்கும் சரியாக இருக்கும். அந்தச் சட்டையைப் பார்த்துத்தான் பாம்பனில் எனக்குப் பெண் கொடுக்கச் சம்மதித்தார்களோ என்னவோ.

பெண் வீட்டில் பேசி முடித்த அன்று மோதிரப் பேச்சு வந்தது. எங்களில் நிச்சயதார்த்தத்தன்று பங்குச் சாமியார் மந்திரித்துக் கொடுக்கும் மோதிரத்தை மாப்பிள்ளை பெண்ணுக்குப் போட வேண்டும். பெண்ணின் அக்காவுக்கு ஒரு பவுனில் போட்டிருந்தார்கள். அந்த அக்கா டம்ளரை நீட்டும்போது விரலையும் சேர்த்தே நீட்டினார். அண்ணன் காபியைக் குடித்துவிட்டு, "மோதிரம் என் பொறுப்பு. பவுன் கொறையாது" என்றார். மதினி அவரை ஒரு பார்வை பார்த்தார். நான் அந்த இரவே பெண்ணோடு போனில் பேசும்போது, ராமநாதபுரம் கடையில் பார்த்து வைத்திருந்த வெள்ளைக்கல் மோதிரத்தைப் பற்றி அளந்து தள்ளினேன். வாங்கிப் பெட்டியில் வைத்தாகிவிட்டது போல் பேசினேன். வெத்து ஜம்பம்.

அடுத்த வாரமே அண்ணனைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். பாம்பனிலிருந்து பெண்ணின் தகப்பனார் வந்து மதினிக்குத் தைரியம் சொல்லி, "மாப்ளைக்கு அண்ணன் வந்து நிக்காம என்ன விசேசம்? அவுக வரட்டும், வந்த பெறகு வர்ற நல்ல நாள்ல வச்சுக்கிடலாம்" என்றார். நல்ல மனுஷர். அவர் சொன்னதில் ஒரு குறையும் கிடையாது. ஆனால் அதற்கு அர்த்தம், அண்ணன் என்றைக்கு வருகிறாரோ அன்றைக்கு மோதிரம் கையில் இருக்க வேண்டும் என்பதுதான்.

ஒரு சாயங்காலம் அடுக்களையில் உட்கார்ந்து நானும் மதினியும் அதைப் பேசினோம். படகு முதலாளியிடம் முன்பணம் கேட்கலாம் என்றால் அவருக்குப் படகே போய்விட்டது, அவர் வீட்டிலேயே அடுப்பு எரியாமல் கிடந்தது. மதினியின் சங்கிலி ஏற்கெனவே அடகில் இருந்தது, என் படிப்புக்காக வைத்ததுதான். மதினி மெதுவாக, "அரைப் பவுன்ல ஒண்ணு போட்டுருவோமா தம்பி? கல்யாணத்துக்குப் பெருசாப் போடலாம்" என்றார். சரியான பேச்சு. நான் தட்டைப் பார்த்துக்கொண்டு, "அண்ணன் வாக்குக் குடுத்துருக்காகள்ல மதினி" என்றேன். என் வீம்பை அண்ணன் தலையில் கட்டிவிட்டேன் என்று எனக்கு அப்போதே தெரியும். மதினி என் தட்டில் குழம்பை ஊற்றினார். பிறகு, "அப்ப அவுக தினப்படி வருதுல்ல, அத எடுத்துக் கடையில கட்டுவோம். வீட்டுப்பாட்ட நான் பாத்துக்கிடுறேன். அவுக வாக்க அவுக காசே காப்பாத்தட்டும்" என்றார். நான் ஒரு பேச்சுக்காவது வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

வீட்டுப்பாட்டைப் பார்ப்பதற்காக மதினி நண்டுக் கம்பெனிக்கு வேலைக்குப் போனார். அவித்த நண்டின் ஓட்டை உடைத்துச் சதையைப் பிரித்தெடுக்கும் வேலை. விரல் நுனியெல்லாம் கீறிக் கிடக்கும், சோறு பிசையும்போது உறைப்பு பட்டால் உதட்டைக் கடித்துக்கொள்வார். அந்த ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்தபோது அண்ணன் மகள் பழைய சீருடைப் பாவாடையின் மடிப்பைப் பிரித்து நீளமாக்கிக் கட்டிக்கொண்டு போனாள். மடிப்பு இருந்த இடத்தில் துணி வேறு நிறமாகத் தெரிந்தது. நான் தேய்த்த சட்டையோடு அவளைத் தாண்டித்தான் வேலைக்குப் போனேன். பணம் கணக்கில் விழுந்ததும் மதினி நீலச் சேலை கட்டிக்கொண்டு போய் எடுத்து வந்து, வாசலிலேயே என் கையில் கொடுப்பார். நான் ராமநாதபுரம் போய்க் கடையில் கட்டுவேன். கடைக்காரர் மோதிரத்தை எடுத்துக் காட்டிவிட்டுத் திரும்ப உள்ளே வைப்பார்.

இனிச் சொல்லப்போவது எனக்கு அருவருப்பான பகுதி. சிறையில் இருப்பவர்களை அங்கே அவ்வப்போது நீதிமன்றத்துக்குக் கூட்டிப் போவார்கள். அன்று விட்டாலும் விடுவார்கள், காவலை நீட்டினாலும் நீட்டுவார்கள். அந்த நாட்களில் எங்கள் தெருவே டிவி முன்னால் உட்கார்ந்திருக்கும். முதல் தடவை நீட்டியபோது நானும் மற்றவர்களோடு தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன், அது நடிப்பில்லை. அடுத்த தடவை நீட்டியபோது, வருத்தத்துக்குக் கீழே இன்னொன்று இருப்பதைக் கவனித்தேன். சரி, இன்னொரு தவணை கட்டலாம் என்று மனசு தன்பாட்டுக்குக் கணக்குப் போட்டது. அதற்கடுத்த தடவை வருத்தத்தைத் தேடித்தான் எடுக்க வேண்டியிருந்தது. என்னைத் தூக்கி வளர்த்த மனுஷன் கம்பிக்குள் கிடக்கிறார், அவர் கிடக்கிற ஒவ்வொரு நாளும் எனக்கு வரவு. இப்படி யோசித்த தலையோடுதான் தினமும் அவர் வீட்டில் அவர் மனைவி கையால் சாப்பிட்டேன்.

அப்புறம் ஒரு நாள் காலையில் மதினி லாட்ஜுக்கே வந்துவிட்டார். அதற்கு முன் அவர் அங்கே வந்ததில்லை. வடநாட்டு யாத்ரீகர்கள் கூட்டமாக என் மேசை முன்னால் நின்றிருந்தார்கள். மதினி கம்பெனி வேலையை அப்படியே போட்டுவிட்டு பஸ் ஏறியிருக்கிறார். நனைந்த சேலை, அவிழ்ந்த கொண்டை, நண்டு வாடை. முதலில் அந்த வாடைக்குத்தான் எனக்குக் கூச்சமாக இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆட்களை விலக்கிக்கொண்டு வந்து மேசையில் இரண்டு கையையும் ஊன்றி, "தம்பி, விட்டுட்டாக. ஒங்க அண்ணன விட்டுட்டாகளாம். மீன்துறை ஆபிசுல இருந்து போன் வந்துச்சு" என்றார். முகம் முழுக்கச் சிரிப்பு, கண் முழுக்கத் தண்ணீர்.

நான், "அதுக்குள்ளயா?" என்றேன்.

வாய் முந்திக்கொண்டது என்று சொல்லித் தப்பிக்க முடியாது. உள்ளே இருந்ததுதான் வந்தது. கடையில் இன்னும் கட்ட வேண்டியது பாக்கி இருந்தது. மதினியின் சிரிப்பு உடனே போகவில்லை. அவர் எடுக்க மறந்துவிட்டது போல் கொஞ்ச நேரம் முகத்திலேயே இருந்தது. பிறகு, "ஆமா தம்பி. அதுக்குள்ளதான்" என்றார். குடிக்கத் தண்ணீர் கேட்டார். நின்றபடியே குடித்தார். "பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்துல போயிச் சொல்லணும். வாரேன்" என்று கிளம்பிவிட்டார். அன்று இரவு சாப்பிடும்போது நான் மென்று விழுங்கி, "மதினி, நான் அந்த அர்த்தத்துல சொல்லல" என்று தொடங்கினேன். "நான் ஒண்ணும் நெனைக்கல. சோறு ஆறுது பாருங்க" என்றார். அதற்கு மேல் அதைப் பற்றி நாங்கள் பேசியதே கிடையாது.

சில நாட்களில் அண்ணன் வந்துவிட்டார். விமானத்தில் சென்னை, அங்கிருந்து வேனில் வீடு. மத்தியான நேரம். தெரு ஆட்கள் எல்லாம் வாசலில் நின்றார்கள். ஆள் பாதியாகியிருந்தார், சட்டைக் காலருக்குள் கழுத்து தனியாக நின்றது. மதினி இலை போட்டு மீன் குழம்பு ஊற்றினார். அண்ணன் மோதிரத்தைப் பற்றித்தான் முதலில் கேட்டார். மதினி தினப்படி விஷயத்தைச் சொன்னதும் அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "அப்ப உள்ள கெடந்தும் சம்பாதிச்சிருக்கேன்னு சொல்லு. ஏலே, எவனுக்குலே இப்பிடி அண்ணன் வாய்க்கும்?" என்றார். வாசலில் நின்றவர்களும் சிரித்தார்கள். சிரித்து முடித்து, சோற்றைப் பிசைந்துகொண்டே மதினியிடம் கேட்டார்.

"நான் வாரேன்னு சொன்னதும் இவன் என்ன சொன்னான்?"

மதினி குழம்புச் சட்டியைக் கிளறிக்கொண்டிருந்தார். "என்னத்தச் சொல்றது? பேச்சே வரல. அம்புட்டுப் பேருக்கு நடுவுல நின்ன எடத்துலயே அழுதுட்டாரு" என்றார். அண்ணன் எச்சில் கையோடு என்னைப் பார்த்தார். அவர் கண் கலங்கி நான் பார்த்தது அன்றுதான். இடது கையால் என் தலையைப் பிடித்து இழுத்துத் தன் தோளில் வைத்துக்கொண்டார். அந்தத் தோள் எலும்பு என் கன்னத்தில் குத்தியது. அப்போதாவது எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். வரவில்லை, நான் மதினி முகத்தைப் பார்க்காமல் இருப்பதிலேயே குறியாக இருந்தேன்.

மோதிரத்துக்குப் பாக்கிப் பணம் வேண்டுமே. உடம்பு தேறும் முன்பே வேறொரு படகில் அண்ணன் திரும்பவும் கடலுக்குப் போனார், அதே கடலுக்கு. "மோதிரம் என் பொறுப்புன்னு சொன்னேன்ல. நான் வாரேன்னதும் அழுத பய அவன்" என்று மதினியிடம் சொல்லிவிட்டுப் போனாராம். அப்போதும் கடைக்காரரிடம் போய், சின்னதாக ஒன்றைக் கொடுங்கள் என்று நான் கேட்டிருக்கலாம். கட்டிய பணத்துக்கு அரைப் பவுனில் நல்ல மோதிரமே வந்திருக்கும். நான் போகவில்லை. அண்ணன் படகு திரும்பும் வரை மதினி கடற்கரைக்கும் வீட்டுக்கும் நடந்துகொண்டிருந்தார். நிச்சயதார்த்தத்தன்று மோதிரத்தைப் பெண்ணின் அக்கா வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்து, எடையைக் கையாலேயே நிறுத்துவிட்டு, நல்லாத்தான் இருக்கு என்றார். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் இவ்வளவும்.

அண்ணன் இப்போது கடலுக்குப் போவதில்லை, முழங்கால் விட்டுவிட்டது. ஆனால் அந்தக் கதையை விடவில்லை. கல்யாண வீடு, மாதா கோயில் அசன விருந்து, கிறிஸ்துமஸ் எதுவானாலும் நாலு பேர் கூடினால், "கூடப் பொறந்தவன்னா இவன் மாதிரி இருக்கணும்" என்று ஆரம்பித்துவிடுவார். நான் கை கழுவப் போவதுபோல் எழுந்துவிடுவேன். கூச்சப்படுகிறான் என்று அவர் அதற்கும் சேர்த்துப் புகழ்வார். மதினி கேட்டும் கேட்காததுபோல் தன் வேலையைப் பார்ப்பார். அவர் ஒரே ஒரு தடவை சொன்ன பொய்யை அண்ணன் இத்தனை வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் வாயைத் திறந்து ஆமாம் என்றும் சொன்னதில்லை, இல்லை என்றும் சொன்னதில்லை. பேசாமல் இருந்தவரை நான் பொய் சொல்லவில்லை என்று எனக்கு நானே ஒரு சமாதானம் வைத்திருந்தேன்.

போன கிறிஸ்துமஸுக்கு அண்ணன் வீட்டில் எல்லோரும் கூடியிருந்தோம். சாப்பாடு முடிந்து அண்ணன் கதையை எடுத்தார். என் மகள் அதை ஒழுங்காகக் கேட்டது அதுதான் முதல் தடவை போலிருக்கிறது. நான் எழுவதற்குள் என் கையைப் பிடித்து, "அப்பா, நீங்க நெசமாவே எல்லார் முன்னாடியும் அழுதீங்களா?" என்று கேட்டாள். அண்ணன் என்னைப் பார்த்தார். மெலிந்துபோன முகம், கண்ணில் அந்தப் பெருமை. மதினி அடுக்களை வாசலில் உட்கார்ந்து அக்கம்பக்கத்து வீடுகளுக்குப் பலகாரம் பங்கு வைத்துக்கொண்டிருந்தார். கை நின்றுவிட்டது. அவர் நிமிரவில்லை.

"ஆமா பாப்பா, அழுதேன்" என்றேன்.

அண்ணன் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மதினி ஒரு தட்டை எடுத்து அதன்மேல் துணியைப் போட்டு மூடி, என் பக்கம் பார்க்காமலே நீட்டினார். "இத அடுத்த வீட்டுல குடுத்துட்டு வாங்க தம்பி. மெதுவாவே வாங்க" என்றார்.