ஆறு பத்துக்கு வரும் வினைச்சொல்

காலை ஆறு ஒன்பது. ராஜபாளையத்திலிருந்து முதல் பேருந்தில் வந்து ஸ்ரீவில்லிபுத்தூரில் அக்கா வீட்டுக்குள் நுழைந்ததும் நான் முதலில் பார்த்தது, சாப்பாட்டு மேசையில் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்திருந்த அவளுடைய போன். அதன்முன் அக்கா கைகட்டி உட்கார்ந்திருந்தாள்.

அவள் மகன் உஸ்பெகிஸ்தானில் மருத்துவம் படிக்கிறான். நோயாளிகளிடம் உஸ்பெக்கில் பேச வேண்டும். தனிச்சொற்கள் தெரிந்தன, சேர்க்கத் தெரியவில்லை. நான் பத்திரிகையில் பிழை திருத்துகிறவன். எந்தச் சொல்லோடு எது சேரும் என்பதுதான் என் பிழைப்பு. நாம் காது கொடுக்கிறோம். உஸ்பெக்குகள் காதைப் போடுகிறார்கள். நாம் கேள்வி கேட்கிறோம், அவர்கள் கேள்வியைக் கொடுக்கிறார்கள். மாத்திரையானாலும் மருந்தைக் குடிக்கத்தான் செய்கிறார்கள். அகராதியைப் பார்த்து இப்படி ஒரு நோட்டு எழுதி, நகலை அவனுக்கும் அனுப்பினேன். தினமும் அக்கா நோட்டின் வரிசைப்படி ஒரு பெயர்ச்சொல்லை அனுப்புவாள். ஆறு பத்துக்கு அவன் அதற்குரிய வினைச்சொல்லை அனுப்புவான். வேலை அதிகம் என்று மூன்று வாரமாக அவன் பேசவில்லை. அவன் நன்றாக இருக்கிறான் என்பதற்கு அக்காவிடம் இருந்தது அந்த ஒரு சொல்தான்.

"அங்க இப்ப அஞ்சே முக்கா கூட ஆகல. எம்புட்டு பொறுப்பா எந்திரிக்கான் பாரு" என்றாள்.

"இங்க இருக்கையில எட்டு மணிக்குத் தண்ணியத் தெளிச்சாலும் எந்திரிக்க மாட்டானே" என்றாள் அவள் மகள், கிருஷ்ணன்கோவில் போகும் கல்லூரிப் பேருந்துக்காகத் தலை பின்னிக்கொண்டே.

பதில் வந்தது: இச்மோக். குடி.

நோட்டைப் பார்த்தேன். இரண்டு தாள்கள் ஒட்டிக்கொண்டதில் அக்கா இன்றைக்குரிய 'மருந்து', நாளைக்குரிய 'கேள்வி' இரண்டையும் விட்டுவிட்டு, அதற்கடுத்த பக்கத்தின் 'மூச்சு' என்பதை அனுப்பியிருந்தாள். உஸ்பெக்கில் மூச்சை எடுப்பார்கள். அனுப்பாத சொல்லுக்குப் பதில் வந்திருந்தது.

மகள் போனை வாங்கிப் பார்த்தாள். பின்னல் பாதியில் நின்றது.

"மாமா, இந்த ஆப்புல நேரங் குறிச்சு முன்னாலயே எழுதி வச்சிரலாம். அவன் போன் அணைஞ்சு கெடந்தாலும் அதுபாட்டுக்கு வரும்."

"ஏட்டி, அப்ப இம்புட்டு நாளா நான் யாருகிட்ட பேசிக்கிட்டிருந்தேன்?"

அவனை அழைத்தேன், போன் அணைக்கப்பட்டிருந்தது. விடுதிக்குப் போன் செய்து, நோட்டைப் பார்த்துச் சொற்களைச் சேர்த்துக் கேட்டேன். அறையைக் காலி செய்து மூன்று வாரம் ஆகிறது என்றார்கள்.

மறுநாளுக்கு நோட்டில் இருந்த சொல் 'கேள்வி'. அக்கா அதை அனுப்பவில்லை. ஆறு பத்துக்குப் பதில் வந்தது: பெர்மோக். கொடு.