பின் இருக்கையில் மாப்பிள்ளை

புதுக் கார்களை ஓட்டிப் பார்த்துப் பத்திரிகையில் நிறைகுறை எழுதுவது அவள் பிழைப்பு. அலுவலகத்தில் அவளுக்குப் பெயரே 'ஸ்டியரிங்'தான். ஆனால் ஒரு காலத்தில் ஸ்டியரிங் பக்கமே அவளை அண்டவிடாமல் வைத்திருந்தான் அவள் புருஷன்.

"இவ ஓட்டினா காம்பவுண்டு சுவர் தாங்காது" என்று சொந்தக்காரர்கள் முன்னால் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். அதைக்கூட அவள் பொறுத்துக்கொண்டாள். ஒரு மத்தியானம், பார்க்க வந்திருந்த அவள் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து எழ முடியாமல் கிடந்தாள். கார் வாசலில்தான் நின்றது. சாவியோ சீட்டாடப் போனவனின் சட்டைப்பையில். போன் பண்ணினாள்.

"நனைஞ்ச துணியோட என் சீட்ல படுக்க வைக்கப் போறியா? டாக்சி கூப்பிடு" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டான்.

டாக்சி வருவதற்குள் அம்மா வலியில் மயங்கிவிட்டாள். அதற்குப் பிறகு அம்மாவின் நடை கோணல்தான். அவள் விவாகரத்து வாங்கினாள், கையோடு லைசென்சும் வாங்கினாள். வயிற்றெரிச்சல் மட்டும் ஆறவில்லை.

இந்த முறை அவளுக்கு வந்தது சின்ன அளவிலான சொகுசு எஸ்யூவி, பெட்ரோலும் பேட்டரியும் சேர்ந்து ஓடும் ஹைபிரிட். ஷோரூமுக்குப் பேசியபோது மேனேஜரின் குரலைக் கேட்டதும் அடையாளம் தெரிந்துவிட்டது: அவளுடைய பழைய புருஷன். ஓட்டிப் பார்க்கும்போது அவரும் கூட வருவார் என்றார்கள். தாராளமாக வரட்டும் என்றாள். மறுநாள் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனாள்.

"வாங்க... மேடம்." ஊழியர்கள் பார்த்துக்கொண்டிருந்ததால் அவன் அப்படித்தான் சொல்லியாக வேண்டியிருந்தது.

"கால் முடியாதவங்க சிரமமில்லாம ஏற முடியுதான்னு பாக்கணும். முன் கதவத் திறந்து பிடிங்க, சார்."

அவன் பிடித்தான். இருக்கை சரியான உயரத்தில் இருந்தது. குனியாமல், எக்காமல், அம்மா அப்படியே உட்கார்ந்துகொண்டாள். அவன் பின்னால் போய் ஏறினான். பக்கத்தில் பத்திரிகையின் போட்டோகிராபர், நல்ல கனத்த ஆள். இவனோ நெட்டை. முழங்கால் மோவாயை எட்டியது.

கார் பேட்டரியில் ஓசையே இல்லாமல் நகர்ந்தது. அந்த அமைதியில் அவன் மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது. நெரிசலில் அவள் ஓட்டிய நயத்தைக் கண்ணாடி வழியே அவன் பார்ப்பதை அவளும் பார்த்தாள். மேட்டில் எஞ்சின் விழித்துக்கொண்டு உறுமியது. பிறகு, குண்டும் குழியுமான ஒரு சாலையைத் தேடிப் பிடித்துத் திருப்பினாள்.

"மாப்ள, தலை இடிக்குதா?" அம்மா திரும்பாமலே கேட்டாள்.

"இல்லைங்க."

"டாக்சி வேணும்னா சொல்லுங்க."

போட்டோகிராபருக்கு விஷயம் புரியவில்லை, ஆனாலும் சிரித்துவிட்டார். அவன் முகம் வெளிறிப்போயிருந்தது. ஓரமாக நிறுத்தச் சொல்லி இறங்கி, வேலியோரம் போய் வாந்தி எடுத்தான். அவள் ஏசியைக் கூட்டிக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தாள்.

கட்டுரையில் பொய் ஒரு வரிகூட எழுதவில்லை. பொய் எழுதினால் அவனுக்கு மறுத்துப் பேச வாய் கிடைத்துவிடும். பெட்ரோல் குறைவாகக் குடிக்கிறது, உள்ளே நல்ல தோல் வேலை, முன் இருக்கை சுகம், மேட்டில் இரைச்சல், டிக்கி சின்னது என்று உள்ளதை உள்ளபடி எழுதினாள். கடைசியில், 'பின் இருக்கை உயரமானவர்களுக்கு உதவாது' என்ற வரிக்கு மேலே அரைப் பக்கத்துக்கு அவன் படம். மடங்கி, வியர்த்து, மடக்குக் கத்தி போல உட்கார்ந்திருந்தான்.

பத்திரிகை வந்த அன்றே போன் பண்ணினான்.

"ஷோரூமே சிரிக்குது. இன்னும் எவ்ளோ நாளைக்குத்தான் இப்படிப் பழி வாங்குவே?"

"படத்துல தப்பு ஏதாவது இருந்தா ஆசிரியருக்கு எழுதிப் போடுங்க, சார்."

போனை வைத்ததும் அம்மா கேட்டாள், "இப்ப மனசு ஆறிச்சா?"

அவள் யோசித்துப் பார்த்தாள். "பாதிதான்மா."