கந்தகம் போட்ட அறை

எங்கள் ஊர் வெயிலில் ஈரத்துணி அரைமணியில் காய்ந்துவிடும். இங்கே சுவரில் பூஞ்சை பிடிக்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். ஆனைக்குட்டத்தில் வீடு கட்டிய நாலாவது ஐப்பசியில் அந்தச் சிரிப்பு நின்றது. மகள் படுக்கும் அறையில், பீரோவுக்குப் பின்னால், முழங்கால் உயரத்துக்குச் சுவர் கறுத்திருந்தது.

மகளுக்கு அப்போது எட்டு வயது. இரண்டு வாரமாகவே அந்த அறையில் படுத்தால் இளைப்பு. சாத்தூரில் ஒரு மருத்துவமனையில் நர்ஸாக இருக்கும் என் மனைவி சுவரைப் பார்த்ததுமே சொன்னாள்.

“இதுதான் பிள்ளைக்குச் சேரல. தண்ணி எங்கன இருந்து இறங்குதுன்னு முதல்ல பாருங்க. சுரண்டிக் காயவிட்டுட்டுப் பெயின்ட் அடிக்கலாம்.”

நான் சுரண்டவில்லை. கறுப்பின் மேலேயே இரண்டு கோட்டிங் அடித்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான். பத்தே நாளில் பெயின்ட் உப்பி உதிர்ந்தது. கறுப்பு இன்னும் ஒரு முழம் ஏறியிருந்தது. மகள் மூச்சு விடும்போது நெஞ்சில் விசில் சத்தம் கேட்க ஆரம்பித்தது. எனக்குப் பயம் வந்தது. பயம் வந்தால் எனக்குக் கோபமும் வரும்.

நாரணாபுரத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் நான் ஃபோர்மேன். இருபது வருடமாகப் பழகிய கந்தக வாடை எனக்குச் சோற்று வாடை மாதிரி. தீபாவளிப் புகையில் கொசுவும் கிருமியும் செத்துப்போகும் என்று பெருமையடிக்கிற ஆட்கள் நாங்கள். ஒரு சுவருக்குப் போய்க் கொத்தனாரைத் தேடுவதா என்ற திமிரில், டிபன் டப்பாவுக்குள் இரண்டு கை கந்தகத்தை ஒளித்துக் கொண்டுவந்தேன். கம்பெனியில் தெரிந்திருந்தால் அன்றே வேலை போயிருக்கும்.

மறுநாள் மனைவி டியூட்டிக்கும் மகள் பள்ளிக்கும் போனபின், அறையில் மண்சட்டியை வைத்துக் கந்தகத்தைக் கொளுத்தினேன். சன்னல் இடுக்கில் ஈரத்துணி திணித்தேன். கதவைச் சாத்திவிட்டுப் பின்பக்கம் போய்ப் பிரஷ் கழுவ உட்கார்ந்தேன். சாயங்காலத்துக்குள் திறந்து புகையை விரட்டிவிடலாம் என்று நினைப்பு. மத்தியானம் மழை பிடித்தது. மழை என்று பள்ளிக்கூடத்தைச் சீக்கிரமே விட்டுவிட்டார்கள். நனைந்து வந்த பிள்ளை, மாற்றுத்துணி எடுக்க நேராக அறைக்குள் போயிருக்கிறாள்.

இருமல் கேட்டு ஓடினேன். அறை வாசற்படியிலேயே குப்புற விழுந்து கிடந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது.

பக்கத்து வீட்டுக் காரில் சாத்தூருக்குக் கொண்டுபோனோம். மனைவிதான் ஓடிவந்து பிள்ளையை வாங்கினாள்.

“என்னத்தப் போட்டீக?”

“கந்தகம்.”

அதற்குமேல் அவள் என்னைப் பார்க்கவில்லை. ஆக்சிஜன் மாஸ்க்கைப் பொருத்தினாள்.  

மூன்றாம் நாள் பிள்ளை கண் திறந்தாள். அந்த வாரமே கொத்தனார் வந்தார். சுவருக்கு அந்தப் பக்கம் பாத்ரூம் குழாயின் மூட்டு கசிந்துகொண்டிருந்தது. அடைக்க ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. பூச்சைச் செங்கல் வரை கொத்தி எடுத்து, ஒரு மாதம் காயவிட்டு, மறுபடி பூசினோம். பீரோவைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போட்டோம். சன்னலைத் திறந்தே வைக்கிறோம். பூஞ்சை திரும்ப வரவில்லை.

மகள் இப்போது நன்றாகத்தான் இருக்கிறாள். பள்ளிவிட்டு வந்ததும் பையோடு தன் அறை வாசலில் நிற்பாள். பக்கத்திலேயே நான் உட்கார்ந்திருப்பேன். என்னைத் தாண்டி, அடுப்படியில் இருக்கிறவளிடம் கேட்பாள்.

“அம்மா, உள்ள போலாமா?”