கலர் பூசிய பழைய படம்

என் அக்காவின் கணவர் கிரேன் ஓட்டுகிறவர். இரும்புக் குழாய் வந்து இறங்குகிற யார்டில் இருபத்து மூன்று வருடம் ஓட்டினார். அங்கே அவருக்கு 'நூல்' என்றுதான் பெயர். பத்து டன் குழாய்க் கட்டை நூல் கட்டி இறக்குகிற மாதிரி இறக்குவார், தரையைத் தொடும்போது சத்தமே வராது என்பார்கள். அக்காவுக்கு இது ஒரு கேலி. "கல்யாணத்துக்கு முன்னாடியும் நூல் விட்டுட்டுத்தான் திரிஞ்சாரு. பாவம், ஒண்ணும் சிக்கல. கடைசியில நான் சிக்கினேன்."

நான் அவர்கள் வீட்டில் தங்கி வேலைக்குப் போகிறேன். எங்கள் வம்சத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமில்லை. மாமாவுக்கு அதைவிட இல்லை. வீட்டுக்கு யார் வந்தாலும், தண்ணீர் கொடுப்பதற்கு முன்பே "இவன் நம்ம மச்சினன், டிகிரி முடிச்சவன்" என்று சொல்லிவிடுவார். அவர் படிப்பு ஆறாம் வகுப்போடு சரி.

போன வருடம் முழுக்க, விடுமுறை நாள் மதியம் என்றால் எங்கள் வீட்டில் பழைய படம்தான். நான் போனை டிவியில் இணைத்து, தேடிப்பிடித்துப் போடுவேன். மாமா நாற்காலியை இழுத்துக்கொண்டு போய் டிவிக்கு முட்டுக்கொடுக்கிற மாதிரி உட்காருவார்.

"இன்னும் கொஞ்சம் நகந்து உள்ளயே போயிடுங்களேன். அவங்ககூட நாலு வசனம் பேசிட்டு வரலாம்" என்பாள் அக்கா.

"உள்ள போனா திரும்பி வரமாட்டேன்டி. அங்க எல்லாரும் மரியாதையா பேசறாங்க."

அவர் படம் பார்க்கிறவர் இல்லை, படத்துக்குத் தீர்ப்பு சொல்கிறவர். "இப்பப் பாரு மாப்ள, அப்பங்காரன் ஒரு வார்த்த பேசமாட்டான். கண்ணாடியக் கழட்டி மேசை மேல வைப்பான். அவ்வளவுதான். அதுக்குப் பேருதான் நடிப்பு. இப்ப இருக்கறவனா இருந்தா நெஞ்சுல அடிச்சிக்கிட்டுக் கத்தியிருப்பான்." சொன்னபடியே படத்தில் அப்பா கண்ணாடியைக் கழற்றி வைப்பார். இன்னொரு படத்தில், "ரயிலடி சீன்ல அவ திரும்பிப் பாக்காம போவா பாரு. திரும்பியிருந்தா படம் அங்கயே செத்திருக்கும்" என்றார். இதையெல்லாம் நான் மறுநாள் அலுவலகத்தில் என் கருத்தாகச் சொல்லி, பெரிய ரசிகன் என்று பெயரும் வாங்கியிருந்தேன்.

புதுப் படம் போட்டால் எழுந்து போய்விடுவார். "ஒரே இருட்டு, ஒரே ஓட்டம். யாரு யாரை அடிக்கறான்னே தெரியல." ரசனை என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு விடுமுறை நாள், அவருக்கு மிகப் பிடித்த குடும்பப் படம் ஒன்றுக்குப் புதிதாகக் கலர் பூசி வெளியிட்டிருந்தார்கள். சொல்லாமல் போட்டு அசத்த வேண்டும் என்று நினைத்தேன். முதல் காட்சியிலேயே மஞ்சள் சுவர், நீலக் கதவு, கதாநாயகிக்குக் கிளிப்பச்சைச் சேலை. அக்கா வாயில் கையை வைத்துக்கொண்டாள். மாமா நாற்காலியில் சாய்ந்து ஒரு பெருமூச்சு விட்டார்.

"என்ன இருந்தாலும் கருப்பு வெள்ளைக்கு உள்ள அழகே தனி மாப்ள. கண்ணுக்குக் குளிர்ச்சி. கலர் வந்துதான் எல்லாத்தையும் கெடுத்துச்சு."

அவர் மகளுக்கு ஒன்பது வயது. அப்பா வழக்கம்போல விளையாடுகிறார் என்று நினைத்தாள்.

"அப்பா, அந்த அம்மா கட்டியிருக்கற சேலை என்ன கலரு?"

"கருப்பு வெள்ளைப் படத்துல ஏதுடி கலரு?"

குழந்தை விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் மட்டும்தான் சிரித்தாள். அந்தச் சிரிப்பு அடங்கும் வரை மாமா டிவியைப் பார்த்தபடியே இருந்தார். பிறகு டீ டம்ளரைத் தேடி எடுத்துக்கொண்டு, அதைக் கழுவப் போகிறவர் மாதிரி பின்பக்கம் போனார்.

நானும் போனேன். குழாய் ஓடிக்கொண்டிருந்தது. அவர் கழுவிய டம்ளரையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தார்.

"எத்தனை நாளா மாமா?"

"நாளா? ரெண்டு வருஷம். மொத மொத கலர்தான் போச்சு. அப்புறம் மூஞ்சி." குழாயை மூடினார். "டாக்டர்கிட்ட போனேன். கண்ணு நரம்பு காஞ்சிக்கிட்டு வருதாம். போனது போனதுதானாம். இருக்கறதும் எவ்வளவு நாளுன்னு சொல்ல முடியாதாம். உங்க அக்காவுக்குத் தெரியாது."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் எந்தப் படத்திலும் நடந்து முடிந்ததைப் பற்றிக் கருத்துச் சொன்னதே இல்லை. எப்போதும் நடக்கப்போவதைத்தான் சொல்வார். எல்லாம் முன்பே பலமுறை பார்த்து, நெஞ்சில் பதிந்த படங்கள். காதில் வசனம் விழுந்தால் போதும், மிச்சத்தை அவரே ஓட்டிக்கொள்வார்.

அதைவிட மோசமான ஒன்றும் உறைத்தது. யார்டில் வருடம் ஒருமுறை கண் பரிசோதனை உண்டு. போன வருடம் அதற்கு முன் மாமா தன் போனில் அந்த எழுத்து அட்டையைப் படம் எடுத்துவந்து, "எனக்கு இங்கிலீஷ் எழுத்து தடுமாறுது மாப்ள, அசிங்கமா இருக்கு, வரிசையா சொல்லிக்கொடு" என்றார். மூன்று நாள் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தேன். மேலிருந்து கீழ் வரைக்கும், கடைசிப் பொடி வரி உட்பட. படித்தவன் வீட்டில் இருப்பதால்தானே இது நடக்கிறது என்று மனசுக்குள் ஒரே பெருமை எனக்கு. அவர் தேறியதற்கு இனிப்பு வாங்கி வந்ததும் நான்தான்.

"கீழ ஆளு நிக்கறாங்களே மாமா. எப்படி இறக்கறீங்க?"

"கொடிக்காரன் வாக்கி டாக்கியில சொல்றான். ரெண்டடி, ஓரடி, வை. அவனுக்கு வாய், எனக்குக் கை. அவனுக்கு மட்டும்தான் தெரியும்."

கொடிக்காரர் என்பவர் கீழே நின்று கொடி காட்டிப் பாரத்துக்கு வழி சொல்கிறவர். மாமாவோடு பன்னிரண்டு வருடமாக இருக்கிறார்.

எங்களுக்குப் பின்னால் அக்கா நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியாது. என்னைப் பார்த்துத்தான் சொன்னாள். "டேய், நீ போய் யார்கிட்டயும் எதுவும் சொல்லிடாத."

"அக்கா, கொக்கிக்குக் கீழ நிக்கறவனுக்கும் ஒரு அக்கா இருப்பா."

"வந்துட்டான் நியாயம் பேச! படிச்ச திமிரு. இந்த மனுஷன் அந்தக் கிரேன் கூண்டை விட்டு இறங்கினா என்ன ஆவாருன்னு உன் புத்தகத்துல போட்டிருக்கா?"

"ரெண்டு பேரும் சும்மா இருங்க" என்றார் மாமா. "நாளைக்கு ஷிப்டு இருக்கு. போயிட்டு வந்து பேசலாம்."

மறுநாள் மதியமே வீட்டுக்கு வந்துவிட்டார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கூடவே கொடிக்காரரும் வந்தார். நடந்ததை அவர்தான் சொன்னார்.

"பாரம் பாதியில இருக்கும்போது என் வாக்கி டாக்கி செத்துப்போச்சு தம்பி. கொடியை ஆட்டறேன், கத்தறேன். அண்ணன் அசையல. கூண்டுக்குள்ள போனுக்கும் அனுமதி இல்ல. பாரம் ஆடாம கயிறு பிடிச்சிருந்த நாலு பேரையும் விரட்டி விட்டேன். வேற வாக்கி டாக்கி எடுக்கலாம்னு ஸ்டோருக்கு ஓடினா, சாவி வச்சிருக்கறவன் டீ குடிக்கப் போயிட்டான். அவன் வந்து சேர நாப்பது நிமிஷம். பாரம் அந்தரத்துல. மெஷின் மக்கர்னு எல்லாரும் நெனச்சிக்கிட்டாங்க."

"எறக்கியிருக்கலாம்" என்றார் மாமா. "மூணு தடவை லீவருக்குக் கை போச்சு. எவன் எங்க நிக்கறான்னு தெரியாம எப்படி எறக்கறது?"

கொடிக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். "இனிமே ரெண்டு வாக்கி டாக்கி வச்சிக்கறேண்ணே."

"வேணாம்டா. போதும்."

அவர் போன பிறகு மாமா என்னைக் கூப்பிட்டார். "பேப்பர் எடு. நீதான் படிச்சவன். வேலையை விட்டு விடுவிக்கச் சொல்லி எழுது. கொடிக்காரன் பேரு எங்கயும் வரக்கூடாது. எழுத்து சொல்லிக்கொடுத்த கதையும் வரக்கூடாது. நீ வேலைக்குப் போறவன்."

எழுதினேன். படித்துக் காட்டச் சொன்னார். "பார்வைக் குறைபாடு காரணமாக" என்ற இடத்தில் கையைத் தூக்கி நிறுத்தினார்.

"குறைபாடுன்னா ஏதோ கொஞ்சம் குறையற மாதிரி இருக்கு. கண்ணு தெரியலன்னு எழுது."

மாற்றி எழுதினேன். அவர் விரலைப் பிடித்து, கையெழுத்துப் போடவேண்டிய இடத்தில் வைத்தேன். கோட்டை விட்டு மேலேறி, நான் எழுதிய கடைசி வரியின் மீதே போட்டார். வேறு தாளில் எழுதித் தரவா என்று கேட்டேன். "அதுலயும் இப்படித்தான் போடுவேன்" என்றார்.

அந்த வாரமே விடுவித்துவிட்டார்கள். வாசலில் உட்காருகிற வேலையாவது கொடுங்கள் என்று நான் போய்க் கேட்டேன். லாரி எண்ணைப் பார்த்து எழுதவேண்டும், அதுவும் கண் வேலைதான் என்றார் சூப்பர்வைசர். தப்பாகச் சொல்லவில்லை. அக்கா இப்போது ஒரு தையல் கம்பெனிக்குப் போகிறாள். என்னோடு பேசுகிறாள், ஆனால் தேவைக்குத்தான். மாமாவுக்கு வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்பது தெரிகிறது. அதுவும் எத்தனை நாள் என்று டாக்டர் சொல்லவில்லை.

வீட்டில் யாரும் டிவி போடுவதில்லை. குழந்தை என் போனை எடுத்துக்கொண்டு போய், காதில் ஒயரை மாட்டிக்கொண்டு சமையலறை மூலையில் பார்க்கிறாள். போன விடுமுறை நாளில் பொறுக்கமுடியாமல் நானே கேட்டேன். "மாமா, நீங்க பாக்காத பழைய படம் ஒண்ணு போடவா? என்ன நடக்குதுன்னு நான் பக்கத்துல உக்காந்து சொல்றேன்."

நாற்காலியை விட்டு எழுந்தார்.

"நீ பாத்துச் சொன்னா அது உன் படம் மாப்ள. நான் அதப் பத்தி என்னத்தச் சொல்றது?"

சுவரைத் தொட்டபடி உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். மணி மூன்றுகூட ஆகவில்லை.