எமிலி வீட்டுக் குலசாமி

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு முத்துசாமி அண்ணன் என் வீட்டுக் கதவைத் தட்டினார். திறக்கலாமா வேண்டாமா என்று யோசித்தேன்.

காரணம் உண்டு. அண்ணன் எனக்குப் பங்காளி. திருச்செங்கோட்டில் ரிக் லாரி வைத்து ஊர் ஊராய்ப் போர்வெல் போடுகிறவர். ஒரு வண்டித்தடம் யாருக்குச் சொந்தம் என்று எங்கள் இரண்டு குடும்பத்துக்கும் நாமக்கல் கோர்ட்டில் கேஸ் நடக்கிறது. வாய்தா நாளில் முறைத்துக்கொள்வோம். மற்ற நாளில் சேர்ந்து காபி குடிப்போம். பங்காளி என்றால் அப்படித்தானே?

ஆனால் வந்த விஷயம் வேறு. அமெரிக்காவில் இருக்கும் அவர் மகன் சதீஷ், எமிலி என்ற பெண்ணைக் கட்டிக்கொள்ளப் போகிறான். அண்ணன் எப்படியோ சம்மதித்துவிட்டார். பத்திரிகைதான் அச்சேறவில்லை. உச்சியில் இரண்டு வீட்டுக் குலசாமி பெயரும் போட வேண்டும்... பெண் வீட்டு இடம் காலி!

“குலசாமி தெரியாத ஊட்ல எப்படித் தம்பி பொண்ணெடுக்கிறது? நீதான் எழுதறவனாச்சே, கண்டுபுடிச்சுக் குடு. இல்லீன்னா கல்யாணமே வேண்டாம்னு சொல்லிப்போட்டேன்.”

எழுதுகிறவனுக்கு அமெரிக்கக் குலசாமியெல்லாம் தெரியும் என்று யார் சொன்னது? சதீஷ் பாவம் என்று வீடியோ காலில் எமிலியைப் பிடித்தேன்.

அந்தப் பெண் அசரவில்லை. பதினோரு தலைமுறையை மடமடவென்று ஒப்பித்தாள்! எல்லோருக்கும் மூத்தவள் ஹன்னா என்ற விதவை. வெள்ளைக்காரன் அமெரிக்காவையும் ஆண்டுகொண்டிருந்த காலத்தில் கப்பலேறிப் போனவள். அவளைப் பற்றிக் கிடைத்தது ஒரே ஒரு கோர்ட் காகிதம். பக்கத்து நிலத்துக்காரன் வேலியை நகர்த்திவிட்டான் என்று கேஸ் போட்டிருக்கிறாள்.

நான் தமிழில் சொல்லி முடிப்பதற்குள் அண்ணன் துள்ளி எழுந்தார்.

“வேலித் தகராறா? ஜெயிச்சாளா?”

“ஜெயிச்சுட்டாங்களாமுங்கண்ணா.”

“அப்புறமென்ன! ஒத்தைப் பொம்பளையா நின்னு மண்ணைக் காப்பாத்தியிருக்கறா. நம்ம சாமியும் எப்பவோ இருந்த பொம்பளதானே? ‘ஹன்னாத்தாள் துணை’ன்னு போட்டுரு!”

எமிலி விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு பேனாவை எடுத்துக்கொண்டு, இப்போது உங்கள் பக்கத்தைச் சொல்லுங்கள் என்றாள்.

அண்ணன் கம்பீரமாக ஆரம்பித்தார். அப்பா பெயர், தாத்தா பெயர், கொள்ளுத்தாத்தா பெயர்...

கொள்ளுப்பாட்டி பெயர் என்ன என்று கேட்டாள் எமிலி.

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் ஃபேனைப் பார்த்தேன். அவள் பதினொன்று சொன்னாள் — எங்களுக்கு மூன்றிலேயே மூச்சு வாங்கியது. நிஜமாகவே வெட்கமாக இருந்தது.

அண்ணனுக்குத் தாங்கவில்லை. வீட்டுக்குப் போய், பரணிலிருந்த பழைய கேஸ் கட்டுகளையெல்லாம் இறக்கிப் பிரித்திருக்கிறார். இரண்டு நாள் கழித்து போன் வந்தது. அண்ணன்தான்.

“கெடைச்சிருச்சு தம்பி! பாவாயின்னு பேரு. பெருவிரல் ரேகை வெச்சிருக்கறா. அந்தக் காலத்துலயே இதே தடத்துக்கு உங்க கொள்ளுத்தாத்தன் மேல கேஸ் போட்டிருக்கறா!”

எங்கள் ஆள் மீது கேஸ் போட்டவள்தான். இருந்தாலும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. பெயரை உடனே எமிலிக்கு அனுப்பினோம்.

நேரம் நன்றாக இருக்கிறதே என்று மெல்ல ஆரம்பித்தேன். “கல்யாணமும் வருதுங்களேண்ணா... நம்ம கேஸை வாபஸ் வாங்கிக்கலாங்களா?”

“அப்படித்தான் தம்பி நெனைச்சிருந்தேன். இப்ப எப்படி முடியும்? ஆத்தா தொடுத்த கேஸாச்சே!”

பத்திரிகை அச்சாகிவிட்டது. வருகிற வியாழக்கிழமை கல்யாணம், முதல் பந்தியில் அண்ணன் பக்கத்து இலை எனக்கு.

வெள்ளிக்கிழமை வாய்தா!