ரிக் வண்டிக்காரன் கை வைத்த மூச்சு மெசின்

ஏழாம் வகுப்போடு நின்றவன் நான். இன்று திருச்செங்கோட்டில் எனக்குப் போர்வெல் போடும் ரிக் வண்டிகள் மூன்று ஓடுகின்றன. பாறையைத் துளைக்கும் பிட் இறங்கும் சத்தத்தைக் கேட்டே தண்ணீர் வருமா, வெறும் புழுதிப் புகைதான் வருமா என்று சொல்லிவிடுவேன். இன்ஜினியர் படித்தவர்கள் என்னிடம் வந்து கேட்டுப் போயிருக்கிறார்கள். கம்ப்ரசர் ஓடும்போது லீவரில் ஆள் கை இருக்க வேண்டும். என் வண்டியில் அதுதான் சட்டம். காற்றின் அழுத்தம் இறங்கினால் உடனே ஏற்ற வேண்டும், இல்லையென்றால் பிட் குழிக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும்.

என் வீட்டுக்காரிக்குச் சளிக் காய்ச்சல் நெஞ்சில் இறங்கி இரண்டு நுரையீரலும் கெட்டுப்போயின. கசாயம் போதும் என்று நான்கு நாள் தள்ளியவனும் நான்தான். சேலத்து ஆஸ்பத்திரியில் தொண்டைக்குள் குழாய் விட்டு, தானாக ஓடும் மூச்சு மெசினில் போட்டார்கள். அதன் பொத்தானில் கை வைத்திருக்க ஆளே இல்லை.

மூன்றாம் நாள் பார்க்கப் போனபோது, திரையில் அழுத்தம் என்று நர்ஸ் காட்டியிருந்த எண் இறங்கிக்கொண்டிருந்தது. ரிக்கில் போலவே காற்று இறங்குகிறது என்று நினைத்தேன். ஏற்றும் பொத்தானை அழுத்திவிட்டேன்.

“ஐயா, கையை எடுங்க!” நர்ஸ் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். நல்லவேளை, இன்னொரு முறை அழுத்தினால்தான் மெசின் ஏற்றுக்கொள்ளுமாம்.

டாக்டர் வந்தார். “என்னங்கய்யா, போர் போடறீங்களா? உங்க ரிக்குக்குக் கீழ பாறைங்க. இது புண்ணாப்போன நுரையீரல். காத்து கொஞ்சம் மிஞ்சினாலும் கிழிஞ்சு போயிருமுங்க. நெஞ்சு எவ்வளவு தாங்குதுன்னு ஒவ்வொரு மூச்சுக்கும் மெசினே பாத்துக் கூட்டும், குறைக்கும். எண் இறங்கினா நல்லதுங்க.”

“அப்ப பொழைச்சுக்குவாளுங்களா?”

“அது மெசினுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாதுங்க.”

முப்பது வருடம் என் வாய்க்கு முன் எவனும் நின்றதில்லை. அன்று என்னை வெளியே அனுப்பிவிட்டார்கள். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று, மறுபடி உள்ளே விடச் சொல்லிக் கையெடுத்துக் கும்பிட்டேன். விடவில்லை. அன்று முதல் மகள்தான் உள்ளே போய்வருகிறாள்.

இன்று பதினோராம் நாள். மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள்.

“அம்மா தானா ஒரு மூச்சு இழுத்தாங்களாமுங்க அப்பா. மெசின் காட்டுச்சாம்.”

“அப்புறம்?”

“அப்புறம் இழுக்கலைங்க அப்பா.”

“போ சாமி. பக்கத்துலயே நில்லு. இன்னொண்ணு இழுக்கச் சொல்லு.”